ஒன்பதரை டன்

ஏப்ரல் 29, திங்கள்

இன்றும் மிஷின் ஓடவில்லை. ஓடாத நாளில் லாக் புத்தகத்தில் எழுத ஒன்றும் இருக்காது. எழுதாமல் இருந்தும் பழக்கமில்லை. அதனால் இந்த நோட்டை எடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சிரோ ஆற்றுக்கு மேலே ஒரு மலைச்சரிவு முழுசாகப் பிய்த்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. ரோடு போடும் எங்கள் கேம்ப்பிலிருந்து பதினோரு கிலோமீட்டர் மேலே. ஆறு நின்றுவிட்டது. மண் அணைக்குப் பின்னால் ஏரி ஏறிக்கொண்டே இருக்கிறது. விளிம்பைத் தொட இன்னும் முப்பத்தாறு அடி. தொட்டால் அணை ஒரேயடியாக உடையும் என்கிறார் ஓயின் மேடம். அவர்தான் இந்த ஜில்லாவின் எஞ்சினியர். இந்த ஊர்க்காரர். கீழே மூன்று சிற்றூர்கள், நானூறு சனம். எல்லோரையும் மேட்டில் ஏற்றித் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அணையின் ஒரு ஓரத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கிவிடும். வெட்டப் பொக்லைன் வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு பொக்லைன்தான் இருக்கிறது, எங்களுடையது. ரோடு நாலு இடத்தில் காணாமல் போய்விட்டது. அதனால் பெரிய ஹெலிகாப்டர் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போகுமாம்.

நாச்சிமுத்து அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர்தான் ஆபரேட்டர், நான் மெக்கானிக். இருவருக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம். "ஏஞ் சென்னியா, பதிமூணு டன்னுடா. அதென்ன கோழிக்குஞ்சா, பருந்து தூக்கிட்டுப் போவ?"

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் சின்ன ஹெலிகாப்டரில் ஒரு ஆள் வந்து இறங்கினார். பெரிய ஹெலிகாப்டரில் லோடு மாஸ்டர், சுமைக்குப் பொறுப்பாளி. நான் இந்தியில் ஆரம்பித்தேன். அவர் என் சட்டைப்பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "தமிழா அண்ணாச்சி?" என்றார். ஜெபஸ்தியான் பர்னாந்து, தூத்துக்குடி. பெரியவர் வந்து தூக்கும் வரை இங்கேயே எங்களோடு தங்குவாராம். அந்த ஹெலிகாப்டரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்கிறார்.

பெரியவருக்கு எட்டு இறக்கை. வெறும் உடம்பே இருபத்தெட்டு டன். சமதரையில் இன்னும் இருபது டன் சுமக்கும். வயிற்றுக்குள் லாரியை ஓட்டி ஏற்றலாம். எண்பது பேர் உட்காரலாம். உள்ளே புகாததை இரும்புக் கயிற்றில் வெளியே தொங்கவிட்டுக் கொண்டுபோகும். பாலம், டவர், விழுந்துபோன வேறு ஹெலிகாப்டர் என்று எல்லாம் தூக்கியிருக்கிறார்கள்.

"ஆனா மலைமேல அவ்வளவு வராது. மேல காத்து மெலிசு. இறக்கைக்குப் பிடிமானம் கெடைக்காது. அந்த எடத்துக்கு ஒம்பதரை டன், அதுவும் காலைல பத்து மணிக்குள்ள. வெயில் ஏறிட்டா அதுவுங் கெடையாது."

கையையும் பக்கெட்டையும், பின்னால் பாரத்துக்கு வைத்த பின்னெடையையும் கழற்றினால் உடம்பு மட்டும் எட்டு டன் தொள்ளாயிரம் கிலோ என்றேன்.

"புத்தகத்துல போட்ட எடையா, நெசமாத் தரையில நிக்குத எடையா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

மே 1, புதன்

மேகம். பெரியவர் வரவில்லை.

கையின் இரண்டு பாகமான பூம், ஆர்ம், அப்புறம் பக்கெட் கழற்றினோம். ஹைட்ராலிக் குழாய்களின் வாயில் துணி கட்டினேன். பின்னெடையை இறக்கினோம். நாச்சிமுத்து அண்ணன் மிஷினுக்கு அடியில் படுத்து எதையோ பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. பருப்பு வேகவில்லை.

மே 2, வியாழன்

மூடுபனி. ஏரி விளிம்பைத் தொட முப்பது அடி.

மே 3, வெள்ளி

பெரியவர் வந்தார்.

முதலில் சத்தம் இல்லை, நெஞ்சுக்குள் ஓர் அடி. டீ கிளாஸில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. பிறகு மலை முக்கைத் திரும்பி ஒரு கல்யாண மண்டபமே பறந்து வருகிற மாதிரி வந்தது. இறங்கும்போது எங்கள் சமையல் ஷெட்டின் தகரம் இரண்டு எழும்பி ஆற்றுப் பக்கம் போய்விட்டது. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஜல்லி முகத்தில் அடிக்க நின்றுகொண்டிருந்தோம். நாச்சிமுத்து அண்ணன் வேட்டி கட்டியிருந்தார். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இன்று பூம், பக்கெட், பின்னெடை, முக்காலிக் குழாய்கள், பாரம் தூக்கும் செயின் பிளாக், டீசல் பீப்பாய்கள் எல்லாம் வயிற்றுக்குள் ஏறி மேலே போயின. ஏரிக்கரைக்கு அருகே ஒரு மேட்டில் இறக்கிவிட்டார்கள். உடம்பு மட்டும் மிச்சம். மத்தியானத்துக்குள் மேகம் மூடிவிட்டதால் அது நாளைக்கு.

ஜெபஸ்தியானிடம் சும்மாதான் கேட்டேன், எடை கூடினால் என்ன ஆகும் என்று.

"இங்க கூடுனா தெரியாது அண்ணாச்சி. இது தாழ்வு, சொகமாத் தூக்கிரும். அங்க போயி, அந்தரத்துல நின்னு எறக்கணும் பாருங்க, அப்பதான் தெரியும். நிக்க முடியாம பெரியவரு கீழ உக்காருவாரு. கயித்த அத்துவிட்டுட்டுத் தப்பிக்கணும். நேரம் இருந்தாத் தப்பிக்கலாம்."

"உள்ளார எத்தன பேருங்க?"

"என்னையுஞ் சேத்து அஞ்சு பேரு."

கம்பெனிப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 8,900 என்றுதான் போட்டிருக்கிறது.

மே 4, சனி

விடியலிலிருந்து மழை. இருபத்தாறு அடி. ஓயின் மேடம் வயர்லெஸ் கருவி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். யாராவது பேசினால் கையை உயர்த்தி நிறுத்துகிறார். நான் கொட்டகைக்கும் மிஷினுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நாச்சிமுத்து அண்ணன், "உக்காரு சித்த. பாக்கறதுக்கே கெறக்கமா இருக்குது" என்றார்.

அடித்தகட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

இந்த மிஷினின் அடிச்சட்டத்தில் கனத் தகடுகள் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறேன். கம்பெனி போட்டதல்ல, நான் போட்டது. எட்டு வருஷம் ஆகிறது. புத்தகத்தில் இருக்காது. சரிவில் நிற்கும்போது மிஷின் அசையாமல் உட்கார வேண்டும் என்பதற்காகப் போட்டேன். அதற்கு முன்னால் வேறொரு மலையில் வேறொரு மிஷின் கவிழ்ந்தது. மாரப்பன் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வந்தபோது விளிம்பு விட்டுப்போனது. அவ்வளவுதான்.

தகட்டோடு தூக்கினால் ஒன்பதரையைத் தாண்டும். தகட்டை வெட்டினால், அந்த உதிரி மண் அணையின் விளிம்பில் மிஷின் லேசாக நிற்கும். எடையைச் சொன்னால் ஹெலிகாப்டர்காரர்கள் வரமாட்டார்கள் என்று பயந்துதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. தகட்டை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

மழை விட்டதும் ஜெபஸ்தியானிடம் போய்ச் சொன்னேன். அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும் வரை சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எம்புட்டு இருக்கும்?"

"எழுநூறு கிலோவுக்கு மேல இருக்குமுங்க."

"கேட்ட அன்னைக்கே ஏன் சொல்லல?"

கொடியிலிருந்து விழுந்து கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீங்க பொய் சொல்லுதியன்னு எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லலாம். ஆனா தெரியாது அண்ணாச்சி. நா முழுசா நம்பிட்டேன். அந்த எடைய நம்பித்தான் அஞ்சு பேரும் ஏறியிருப்போம்."

சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வயர்லெஸ்ஸுக்குப் போனார். விமானி ரத்தோர் சார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாராம்: வெட்டு. வெட்டிய ஒவ்வொரு துண்டையும் எடை போட்டுக் காட்டு.

மே 5, ஞாயிறு

கேஸ் கட்டிங் பூராவும் நானே செய்தேன். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் பொறி பறக்க. நாச்சிமுத்து அண்ணன் நாலு தடவை "நான் வெட்டறேன், எந்திரி" என்றார். எழவில்லை. நான் வைத்த வெல்டிங் நன்றாகத்தான் வைத்திருக்கிறேன், லேசில் விடவில்லை. சாமான் எடை போடும் தராசில் ஜெபஸ்தியான் பக்கத்தில் நின்று துண்டு துண்டாகக் குறித்தார். எழுநூற்று அறுபத்து நாலு கிலோ.

முடிந்ததும் அவரே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இருபத்து மூன்று அடி. மேடத்தின் அம்மாவும் மேட்டுத் தார்ப்பாயில்தான் இருக்கிறாராம். சமையல்காரர் சொன்னார். மேடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழூரில் ஆற்றை ஒட்டிய கடைசி வீடு அவர்களுடையது.

மே 6, திங்கள்

தூக்கியாயிற்று.

சின்ன ஹெலிகாப்டர் எங்களையும் மேடத்தையும் எட்டு மணிக்கு முன்பே அணைமேல் கொண்டுவிட்டது. மேலிருந்து அந்த ஏரியை முதல்முறையாகப் பார்த்தேன். பழுப்பு நிறம். வேரோடு வந்த பைன் மரங்கள் மிதக்கின்றன. அணை என்பது அணையே இல்லை, கொட்டிவைத்த மண்ணும் பாறையும். கால் வைத்தால் புதைகிறது.

ஒன்பது இருபதுக்குப் பெரியவர் வந்தார். வயிற்றுக்குக் கீழே நீளக் கயிற்றில் எங்கள் மிஷின். தரையில் நான் எத்தனை வருஷம் சுற்றி நடந்திருக்கிறேன், அதன் அடியை ஆகாயத்தில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மெதுவாகச் சுற்றியது. அணைக்கு நேர்மேலே வந்து நின்றபோது ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது. எங்களை மண்ணோடு மண்ணாக அழுத்தியது காற்று. பெரியவர் அசையாமல் நின்றார். லோடு ஆடி ஓயும் வரை, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். ஏரித் தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு எட்டிப் போனது. பிறகு ஒரு சாண் ஒரு சாணாக இறங்கி, ட்ராக் பட்டை இரண்டும் ஒரே சமயத்தில் மண்ணைத் தொட்டன. கயிறு விழுந்தது. அவர் எழும்பிப் போய்விட்டார்.

வயர்லெஸ்ஸில் ஜெபஸ்தியான் குரல்: "ஒம்பது டன் நூறு அண்ணாச்சி. கயிறு கொக்கி எல்லாஞ் சேத்து. ரத்தோர் சாரு சொல்லுதாரு, இன்னைக்கு அடிச்ச காத்துக்கு இதுக்கு மேல ஒரு மூட்டை இருந்தாலும் அவருக்குச் சரிப்பட்டிருக்காதாம்."

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. எழுநூற்று அறுபத்து நாலைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். பிறகு மிஷின்மேல் கிடந்த கயிற்றைக் கழற்றப் போனேன்.

மே 8, புதன்

இரண்டு நாளாக முக்காலி நட்டு, செயின் பிளாக்கில் தூக்கி, பின்னெடையையும் பூமையும் பூட்டினோம். விரல் நசுங்கியது. எலும்பு தப்பித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. பதினேழு அடி.

நாளை நான் ஓட்டுகிறேன் என்றேன். நாச்சிமுத்து அண்ணன் பீடியை அணைத்தார்.

"எட்டு வருசமா நீ சீட்டுல குந்துனதே இல்ல. இப்பென்ன?"

"நீங்க கீழ நின்னு கை காட்டுங்ண்ணா. நான் ஓட்டறேன்."

"ஓட்டறதுக்குப் பயமில்ல உனக்கு. கை காட்டத்தான் பயம்." என் நசுங்கிய விரலைப் பிடித்துத் துணியைச் சரியாகச் சுற்றினார். "எனக்கு எல்லாந் தெரியுமுடா. நான் ஓட்டறேன். நீதான் காட்டற. வேறெவன் காட்டுனாலும் நான் சீட்டுல ஏற மாட்டேன்."

மே 9, வியாழன்

வேலை ஆரம்பம். ஓடிய மணி: 9. டீசல்: ஒரு பீப்பாய்க்குக் கொஞ்சம் குறைவு.

ஆபரேட்டருக்குப் பக்கெட்டுக்கு அந்தப் பக்கமும் தெரியாது, ட்ராக்குக்குப் பின்னாலும் தெரியாது. கீழே நிற்பவன் கைதான் கண். முன்னால் என்றால் உள்ளங்கை, பின்னால் என்றால் புறங்கை, நிறுத்து என்றால் முஷ்டி. முதல் ஒரு மணி நேரம் நான் ஐந்து தடவை அவசியமில்லாமல் முஷ்டி காட்டினேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார்.

மூன்றடி ஆழம்.

மே 10, வெள்ளி

ஆறரை அடி. பெரிய பாறை ஒன்று. சுற்றிக்கொண்டு வெட்டினோம்.

மே 11, சனி

மேடம் கேட்டது பன்னிரண்டடி. தண்ணீர் பதிமூன்றில் இருக்கிறது. பன்னிரண்டடி வெட்டினால் நாளைக்கே கொஞ்சமாக வழிய ஆரம்பிக்கும். ஏரி சின்னதாக இருக்கும்போதே திறந்துவிடலாம்.

ஒன்பதடியில் மிஷினின் இடது ட்ராக்குக்குக் கீழே மண் ஈரமாக மின்னியது. கை வைத்துப் பார்த்தேன். குழைந்தது. வெடிப்பு இல்லை. சரிவு இல்லை. ஈரம் மட்டும். நான் முஷ்டியைத் தூக்கினேன்.

அண்ணன் நிறுத்தினார். மேடம் ஓடி வந்தார். "இன்னும் மூன்றடி. மூன்றே அடி" என்றார் இந்தியில்.

"முடியாதுங்க மேடம். மிஷின் நிற்காது."

"நின்றுகொண்டுதானே இருக்கிறது?"

நான் கையை இறக்கவில்லை. பின்னால் வரச்சொல்லி அண்ணனுக்குப் புறங்கை காட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் ட்ராக்குக்குப் பின்னால் போய் மண்ணை மிதித்துப் பார்த்துவிட்டுக் காட்டினேன். இருபதடி வர முக்கால் மணி நேரம். பாறைத் தரைக்கு வந்ததும் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். மேடம் வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என் அம்மாவின் வீடு எங்கே இருக்கிறது தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன்.

மே 12, ஞாயிறு

பதினோரு அடி. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. நேற்று மிஷின் நின்ற இடத்தை அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன். அது சரியவில்லை. சரிந்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதி வைக்கிறேன்.

மே 13, திங்கள்

காலை பத்தேகாலுக்குத் தண்ணீர் வாய்க்காலில் நுழைந்தது. கணுக்கால் அளவு. மத்தியானம் இடுப்பளவு. இரண்டு மணிக்கு அது தானே மண்ணை அரித்து அகலமாகி, பாறைகளை உருட்டிக்கொண்டு கர்ஜித்தது. நேற்று வரை நான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த இடம் எந்தக் கணத்தில் போனது என்று யாரும் பார்க்கவில்லை. அணையின் மற்ற பாகம் நின்றது.

மே 14, செவ்வாய்

ஏரி இருபத்தெட்டு அடி இறங்கிவிட்டது. மூன்று ஊரும் தப்பின. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. தொங்குபாலமும் கீழூரில் ஆற்றை ஒட்டி நான்கு வீடுகளும் போயின. கடைசி வீடு மேடத்தின் அம்மாவுடையது.

மூன்றடி கூட வெட்டியிருந்தால் ஒரு நாள் முன்னால், இதைவிடச் சின்ன வெள்ளமாக வந்திருக்கும். வீடுகள் நின்றிருக்கலாம். அண்ணன் மிஷினோடு வாய்க்காலுக்குள் போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேடம் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. "ஒன்பதடியில் ஏன் நின்றது என்று கேட்பார்கள். மிஷின் பழுது என்று போட்டுவிடவா?" என்றார். எனக்கு நல்லது செய்கிறார் என்று புரிந்தது.

"வேண்டாமுங்க. மிஷினுக்கு ஒன்றும் இல்லை, ஆபரேட்டர் மேலும் தப்பில்லை. நிறுத்தச் சொல்லிக் கை காட்டியது நான். என் பேரைப் போடுங்க."

அப்படியே எழுதினார். பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மாரப்பன் கவிழ்ந்தபோதும் ஓர் அறிக்கை எழுதினார்கள். 'ஆபரேட்டரின் அஜாக்கிரதை' என்று போட்டிருந்தது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பின்னால் வா, இன்னும் ரெண்டடி இருக்கிறது என்று புறங்கை காட்டிக்கொண்டு நின்றவன் நான். ரெண்டடி இல்லை. அவன் என் கையைப் பார்த்துத்தான் வந்தான்.

மே 16, வியாழன்

மிஷினைத் திரும்பக் கொண்டுவரப் பெரியவர் வரமாட்டார். இன்னொரு பள்ளத்தாக்கில் பாலம் தூக்கப் போக வேண்டுமாம். ரோடு சேரும் வரை மிஷின் மலைமேல்தான். பாட்டரியைக் கழற்றி வைத்து, கதவைப் பூட்டி, சாவியை மேடத்திடம் கொடுத்தோம்.

காலையில் மேட்டுச் சனத்தை அவரவர் ஊரில் கொண்டுவிட மட்டும் பெரியவர் கடைசியாக ஒரு முறை வந்தார். அறுபது பேருக்கு மேல், மூட்டைகள், கூடையில் கோழி, இரண்டு பன்றிக்குட்டி. எல்லோரையும் இறக்கிவிட்டு எங்களைச் சமவெளி விமானதளம் வரை ஏற்றிக்கொண்டார். உள்ளே பேச முடியாத சத்தம். ஜெபஸ்தியான் ஒரு காதடைப்பை என் காதில் மாட்டிவிட்டு, முதுகில் ஒருமுறை தட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டார்.

இறங்கியதும் போனில் சிக்னல் வந்தது. ஓரமாகப் போய்ப் பாவாயிக்குப் போட்டேன். மாரப்பனின் சம்சாரம். பொங்கலுக்குப் பொங்கல் பேசுவேன். எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

"என்னுங்ண்ணா, இந்த மாசத்துல கூப்பிடறீங்க?"

சொன்னேன். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னேன். கை காட்டியது, ரெண்டடி, கையெழுத்து. அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"தெரியுமுங்க" என்றாள். "கூட இருந்த ஆளுக கருமாதியன்னைக்கே சொல்லிப் போட்டாங்க. நீங்க எப்பச் சொல்றீங்கன்னுதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் போன எடுத்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வைத்துவிடவும் இல்லை.

"இப்ப எங்கிருக்கறீங்க?"

மலை, ஏரி, ஹெலிகாப்டர் எல்லாம் சொன்னேன்.

"அந்தச் சனமெல்லாம் ஊடு போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க. நாலு ஊடு போயிருச்சு."

"ஆளுக?"

"ஆளுக அத்தன பேரும் இருக்கறாங்க."

"செரிங்க" என்றாள். மறுபடி தறி ஓடத் தொடங்கியது.